யானையும் ஒரு பவுன் வௌவாலும்

"யானைக்கும் வௌவாலுக்கும் போட்டி வைத்தால் எது ஜெயிக்கும்?" என்று உங்கள் வீட்டுப் பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "போடா, போய்ப் பாடத்தைப் படி!" என்றுதான் சொல்லத் தோன்றும். நியாயந்தானே? ஒன்று, திருவிழாவில் நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு சுவாமிக்கு முன்னால் வருவது. மற்றொன்று, அதே கோயிலின் இருட்டு மண்டபத்தில் தலைகீழாகத் தொங்கி, பிரதட்சிணம் வருகிறவர்களை மூக்கைப் பொத்திக்கொள்ள வைப்பது. இரண்டுக்கும் போட்டியாவது!

ஆனாலும் பையனை விரட்டிவிடாதீர்கள். பிராணி ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனையோ வருஷமாக அலசி வருகிற விஷயத்தைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

முதலில் ஒரு சங்கதி. இந்த இரண்டும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு, நமக்கும் உறவு. இரண்டும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. அது மட்டுமல்ல, பசுவுக்கும் ஆட்டுக்கும் மடி பின்னங்கால் பக்கம் இருக்கிறதல்லவா? யானைக்கு அப்படியில்லை. முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சிலே இருக்கிறது. வௌவாலுக்கும் நெஞ்சில்தான். மனிதத் தாய் மாதிரியே! இதைப் பார்த்துத்தானோ என்னவோ, உலகத்துப் பிராணிகளையெல்லாம் வகை பிரித்துப் பெயர் வைத்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1758-இல் வௌவாலைக் கொண்டுபோய்க் குரங்கும் மனிதனும் இருக்கிற வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார்கள்.

வௌவாலின் சிறகு என்பதும் உண்மையில் ஒரு கைதான். நம் விரல்களைக் குடைக்கம்பி போல நீட்டி, நடுவே மெல்லிய தோலை இழுத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் சிறகு. யானையின் தூண் போன்ற காலுக்குள்ளும் ஐந்து விரல்கள் மறைந்திருக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த எலும்புகள். ஒன்று தூணாயிற்று, ஒன்று குடையாயிற்று.

இனி எடையைப் பார்ப்போம். நம் காட்டில் வளர்ந்த ஆண் யானை ஒன்று சுமார் 4,000 கிலோ இருக்கும். வௌவாலில் 1,400-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. புளிய மரத்தில் கூட்டம் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கும். பூச்சி பிடித்துத் தின்னும் சிறிய ஜாதிகளில் பல, எட்டுக் கிராம்தான். அதாவது சரியாக ஒரு பவுன்! தாய்லாந்துக் குகைகளில் இருக்கும் ஒரு ஜாதி இன்னும் பொடிசு. இரண்டு கிராம்; கால் பவுன் மோதிரம். தராசின் ஒரு தட்டில் யானையை நிறுத்தினால், மறு தட்டில் இந்தக் கால் பவுன் வௌவால்கள் இருபது லட்சம் வேண்டும்.

பெரிய உடம்பு என்றால் எல்லாம் சௌகரியம் என்று நினைக்க வேண்டாம். யானையால் குதிக்க முடியாது. ஒரு சாண்கூட எம்பாது. ஓடுகிறதா என்பதே கொஞ்ச காலம் முன்பு வரை விவாதமாக இருந்தது. தாய்லாந்தில் நாற்பதுக்கு மேற்பட்ட யானைகளின் உடம்பில் அடையாளப் புள்ளிகள் வைத்து, விரைந்து வரச் செய்து படம் பிடித்தார்கள். முடிவு 2003-இல் வெளியாயிற்று. மிக வேகமாக வந்த யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஆனால் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழவே இல்லை. அத்தனை பாரமும் மேலே போய்த் திரும்ப விழுந்தால் எலும்பு என்னாவது? (மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது அலட்சியம் செய்யக்கூடிய வேகமல்ல. காட்டு யானை துரத்தினால் நம்மில் பெரும்பாலோர் தப்ப முடியாது.)

வௌவாலோ, பால் கொடுக்கும் பிராணிகளிலே நிஜமாகப் பறக்கத் தெரிந்த ஒரே கூட்டம். அமெரிக்காவில் ஒரு ஜாதி வௌவாலின் முதுகில் சின்ன ரேடியோவை ஒட்டி, விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். சில சமயங்களில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக 2016-இல் அறிவித்தார்கள். அளந்த விதத்தைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள்; அதனால் அந்த எண்ணை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டன் வௌவாலின் கதையில் சந்தேகமே இல்லை. 2016-இல் லண்டனில் ஒரு பெண் வௌவாலுக்கு அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். எடை நம் ஒரு பவுன்தான். 2021-இல் அது ருஷ்யாவின் ப்ஸ்கோவ் பகுதியில் ஒரு கிராமத்தில் அகப்பட்டது. நேர்க்கோட்டில் அளந்தாலே 2,018 கிலோமீட்டர்! கடலையும் காற்றையும் கடந்து அவ்வளவு தூரம் போன வீராங்கனை என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? அந்தக் கிராமத்துப் பூனை ஒன்றின் வாயில் சிக்கி மாண்டாள்.

பறக்கிற பாக்கியத்துக்கு வௌவால் கொடுத்த விலை அதன் கால். குச்சி மாதிரி மெலிந்து போய், பெரும்பாலான ஜாதிகளால் நின்று நடக்கவே முடியாது. அதனால்தான் தொங்குகிறது. தொங்குவதற்கு அது பிரயாசைப்படுவதில்லை. உடம்பின் பாரமே கால் நரம்பை இழுத்து, விரல்களைக் கொக்கி போல் பூட்டிவிடும். விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். உயிர் போன பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும் வௌவால்கள் உண்டு.

யானைக்குக் கையில்லாத குறையைத் தும்பிக்கை தீர்க்கிறது. அதற்குள் ஓர் எலும்புகூட இல்லை. முழுக்க முழுக்கத் தசை. பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன ஓர் ஆசிய யானைக் கன்றின் தும்பிக்கையைப் படமெடுத்து எண்ணிப் பார்த்து, ஏறக்குறைய 90,000 தசைக் கற்றைகள் இருப்பதாக 2023-இல் சொன்னார்கள். நம் உடம்பு முழுவதையும் கூட்டினாலும் தசைகள் அறுநூற்றுச் சொச்சந்தான்!

அந்தத் தும்பிக்கையின் பலம் ஊரறிந்தது. மரத்தையே வேரோடு சாய்க்கும். எனக்கு ஆச்சரியமாகப் பட்டது அதன் நயம். அமெரிக்காவில் அட்லாண்டா மிருகக்காட்சிசாலையில் ஓர் ஆப்பிரிக்கப் பெண் யானைக்கு முன்னால் மெல்லிய சோள வறுவல் ஒன்றை வைத்தார்கள். நம் பொரித்த அப்பளத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பட்டால் நொறுங்கும். யானை மூச்சை உள்ளே இழுத்தே அதைத் தூக்கிக்கொண்டது. பல தடவைகளில் அது உடையவே இல்லை. தண்ணீரை அது விநாடிக்கு 3 லிட்டர் வீதம் உறிஞ்சியது. மூச்சு இழுக்கும் வேகமோ, நாம் தும்மும்போது காற்று வரும் வேகத்தைப் போல முப்பது மடங்கு என்று 2021-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

இனிச் சமையலறைக்கு வாருங்கள். டம்ளரில் ஊற்றிய காப்பி, பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவில் கொதித்த வெந்நீர் மணிக்கணக்காக ஆறாமல் இருக்கிறது. ஏன்? சிறிய பாத்திரத்தில், உள்ளே இருப்பதற்கு மேல்பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் ஓடிவிடும். வௌவால் டம்ளர், யானை அண்டா. வௌவால், ஓடிப்போகிற சூட்டுக்கு ஈடு கட்ட இரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். பால் கொடுக்கும் சின்ன வௌவால் ஒன்று, ஒரே இராத்திரியில் தன் எடைக்கு ஏறக்குறைய சமமான பூச்சிகளைத் தின்றுவிடும். யானை தினம் 150 கிலோ தழையும் புல்லும் தின்கிறது என்று நாம் வாயைப் பிளக்கிறோமே, அது அதன் எடையில் நூற்றுக்கு நாலு பங்குதான். விகிதம் போட்டுப் பார்த்தால் யானை அரை வயிற்றுக்காரி!

இதயமும் அப்படியே. யானையின் இதயம் நிமிஷத்துக்கு முப்பது தடவை நிதானமாகத் துடிக்கும். மத்திய அமெரிக்காவில் பழந்தின்னும் ஒரு சின்ன வௌவாலுக்கு, பறக்கும்போது 900 துடிப்பு. இப்படி ஓடினால் தாங்குமா? அதனால் பகலில் துடிப்பைக் குறைத்துக்கொண்டு விடுகிறது. குளிர் தேசத்து வௌவால்கள் உடம்பின் சூட்டையே தணித்துவிட்டு, கல் மாதிரி சில்லிட்டுக் கிடந்து, சாயங்காலம் நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொண்டு கிளம்பும். யானைக்கு நேர் எதிரான கஷ்டம். சூடு வெளியே போக மாட்டேனென்கிறது. இரத்தக் குழாய்கள் நிறைந்த அந்தப் பெரிய காதுகளை அது விசிறுவது அழகுக்காக அல்ல.

காது என்றதும், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

நம் காதுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, ஒரு மேல் எல்லை உண்டு. விநாடிக்கு 20 அதிர்வுக்குக் குறைந்த சப்தமும், 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட சப்தமும் நமக்குக் கேட்காது. அந்த எல்லைகளுக்கு அப்பால் உலகம் மௌனமாக இருக்கிறது என்றுதான் மனிதன் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

மேல் எல்லைக்கு அப்பால் ஏதோ நடக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர் இத்தாலியப் பாதிரியாரும் பேராசிரியருமான ஸ்பல்லன்ஸானி. 1790-களில் அவர் ஓர் அறையைக் கும்மிருட்டாக்கினார். ஆந்தைகூடத் தடுமாறி மோதியது, வௌவால் மோதவில்லை. கண் தெரியாமல் செய்து பார்த்தார், அப்போதும் மோதவில்லை. ஜெனீவாவில் ஜூரின் என்ற வைத்தியர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். உடனே அது தட்டுத் தடுமாறி மோதியது. "அப்படியானால் வௌவால் காதால் பார்க்கிறதா?" என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க ஏறக்குறைய 140 வருஷம் ஆயிற்று. 1938-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் கிரிஃபின் என்ற மாணவர் ஒரு கூண்டு வௌவாலைத் தூக்கிக்கொண்டு, பௌதிகப் பேராசிரியர் பியர்ஸிடம் போனார். மனிதக் காதுக்கு எட்டாத சப்தத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று பியர்ஸிடம் இருந்தது. மௌனமாக இருப்பதாக எல்லாரும் நினைத்த வௌவால், ஓயாமல் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது! அந்தக் கத்தல் எதிரே இருப்பதன் மேல் பட்டுத் திரும்பும். திரும்பிய எதிரொலியைக் கொண்டு, இருட்டிலே தலைமுடி போன்ற கம்பியைக்கூட விலகிப் போகும். பூச்சியை நெருங்கும்போது விநாடிக்கு 200 தடவை வரை கத்தும். (நம் புளிய மரத்துப் பெரிய பழந்தின்னிக்கு இந்த வித்தை கிடையாது. அது கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்கிறது.)

கீழ் எல்லைக்கு அப்பால் இருப்பதைக் கண்டவர் ஒரு பெண்மணி. திமிங்கலங்களின் பாட்டை ஆராய்ந்து வந்த காத்தி பெய்ன், 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் சில நாட்கள் உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்று அதிர்வது போல் உடம்பில் ஓர் உணர்ச்சி! சிறு வயதில் மாதா கோயிலில் பாடியபோது, ஆர்கன் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் ஒலிக்கையில் இப்படித்தான் அதிர்ந்தது என்பது அவர் நினைவுக்கு வந்தது. தோழர்களோடு திரும்பி வந்து பதிவு செய்தார். நாடாவை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேட்டது. விநாடிக்குச் சுமார் 14 முதல் 24 அதிர்வு. பெரும்பாலும் நம் காதுக்குக் கீழே. மலையாளத்திலும் தமிழிலும் யானைகளோடு பேசி வந்திருக்கிறோம் நாம், தலைமுறை தலைமுறையாக. அவை தங்களுக்குள் பேசிக்கொண்டதில் பாதி நம் காதில் விழவே இல்லை!

தாழ்ந்த சப்தம் மரத்தையும் புதரையும் லட்சியம் செய்யாமல் பல கிலோமீட்டர் போகும். மிக உச்சமான சப்தம் சில கஜ தூரத்திலேயே செத்துவிடும். ஆகவே யானையின் குரல் தபால். வௌவாலின் குரல் கைவிளக்கு.

சரி, யானைக்கு வௌவாலின் குரல் கேட்குமா? கான்சாஸ் மாநிலத்தில் ஓர் இளம் ஆசிய யானைக்குப் பரீட்சை வைத்து, 1980-இல் முடிவைச் சொன்னார்கள். சப்தம் கேட்டால் தும்பிக்கையால் பொத்தானை அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் இனிப்பு நீர் கிடைக்கும். கீழே 17 அதிர்வு வரை அது கேட்டது. மேலேயோ சுமார் 10,500 வரைதான் நன்றாகக் கேட்டது. காரணம் தலையின் அகலம் என்கிறார்கள். பெரிய தலையில் இரண்டு காதும் விலகி இருப்பதால், எந்தப் பக்கத்துச் சப்தம் என்று அறியத் தாழ்ந்த சுரமே போதும். சுண்டைக்காய்த் தலைக்கு அது போதாது. உச்ச சுரம்தான் திசையைக் காட்டும்.

இதை நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டத்து மேகமலையில் யானையும் உண்டு, வௌவாலும் உண்டு. இராத்திரி ஒரே மரத்தடியில் யானை நிற்கிறது. அதன் தலைக்கு மேலே பூச்சி பிடிக்கும் வௌவால் வட்டமிடுகிறது. இரண்டும் பேசுகின்றன. ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. நடுவே நாம் போய் நின்றால் இரண்டுமே கேட்காது, "ஆகா, என்ன நிசப்தம்!" என்று சொல்லிவிட்டு வருவோம்.

அதே மேகமலையில் 1948-இல் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்தார். சாதாரணப் பழந்தின்னி என்று சீட்டு ஒட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. தாய்லாந்துக்காரரான கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புது இனம் என்று கண்டு, 1972-இல் பறவையியல் மேதை சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மேலே சொன்னேனே, கால் பவுன் வௌவால், அதற்கு இந்தக் கிட்டியின் பெயர்தான்.

பலத்தில் எது உசத்தி என்று பையன் விடமாட்டான். பிரசவத்தைச் சொல்லுங்கள். யானை 22 மாதம் வரை சுமந்து, 100 கிலோ கன்றைப் பெறுகிறது. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அது தாயின் எடையில் நூற்றுக்கு மூன்று நாலு பங்குதான்; நம் பெண்கள் அதைவிட அதிகம் சுமக்கிறார்கள். வௌவால் குட்டியோ தாயின் எடையில் கால் பங்கு! 60 கிலோ எடையுள்ள மாது ஒருத்தி 15 கிலோக் குழந்தையைப் பெற்றால் எப்படி இருக்கும்? அதையும் தொங்கிக்கொண்டே பெற வேண்டும். ஃபுளோரிடாவில் வளர்க்கப்பட்ட ஒரு பழந்தின்னி ஜாதியில் நடந்ததை, 1994-இல் தாமஸ் குன்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். பிரசவ வேதனைப்பட்ட ஒரு வௌவால் தலைகீழாகவே தொங்கியது. கால் கீழே வரும்படி இருந்தால்தான் சுலபம். பக்கத்திலிருந்த இன்னொரு பெண் வௌவால், தானே அப்படித் திரும்பிக் காட்டிற்று, நக்கிக் கொடுத்தது, சிறகால் அணைத்தது, குட்டி வெளியே வர ஒத்தாசை செய்தது. கைராசிக்கார மருத்துவச்சி! யானைக் கூட்டத்திலும் கன்று பிறந்தால் பெரியம்மாவும் அத்தையும் சூழ்ந்துகொள்வது எல்லாரும் அறிந்ததுதான்.

டெக்ஸாஸில் பிராக்கன் என்ற குகையில் கோடிக்கு மேற்பட்ட வௌவால்கள் உண்டு. தாய்கள் குட்டிகளைச் சுவரில் நெருக்கமாக விட்டுவிட்டு இரைக்குப் போகும். ஒரு சதுர அடியில் நூற்றுக்கணக்கான குட்டி. திரும்பி வந்து, குரலையும் வாசனையையும் கொண்டு தன் குட்டியைத் தேடிப் பால் கொடுக்கும். இப்படிப்பட்ட குகைகளில் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில், பெரும்பாலான தாய்கள் சொந்தக் குட்டிக்கே பால் கொடுத்தன என்று தெரிந்தது. நாம் கல்யாணக் கூட்டத்தில் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறோம்.

ஆயுள் விஷயத்தில் இரண்டும் கெட்டிக்காரர்கள். தைபே மிருகக்காட்சிசாலையில் லின் வாங் என்ற ஆசிய யானை 86 வயது வரை இருந்து 2003-இல் காலமாயிற்று. சைபீரியாவில் ஒரு பவுன்கூட இல்லாத வௌவால் ஒன்று 41 வருஷம் இருந்திருக்கிறது. அதே அளவு சுண்டெலிக்கு இரண்டு மூன்று வருஷமே விதி. யானைக்குப் புற்றுநோய் அபூர்வம். கெட்டுப்போன அணுக்களை அடக்கும் மரபணு ஒன்று நமக்கு ஒரு ஜோடிதான், யானைக்கு இருபது ஜோடி என்று 2015-இல் கண்டார்கள். வௌவாலோ பல கொடிய கிருமிகளை உடம்பில் வைத்துக்கொண்டே நோயில்லாமல் திரிகிறது. அது அதற்கு வரம்; நமக்குச் சில சமயம் ஆபத்து. 2018-இல் கோழிக்கோட்டு வட்டாரத்தில் நிபா காய்ச்சல் வந்ததும், பழந்தின்னிகளின் மேல் எல்லார் கோபமும் திரும்பியது நினைவிருக்கும். பட்டாசு வெடித்து விரட்டுவது பரிகாரமல்ல; மிரண்ட வௌவால் ஊரெல்லாம் சிதறும். வௌவால் கடித்த பழத்தைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழங்களை நன்றாகக் கழுவுங்கள். பதநீர் கலயத்துக்கு மூடி போடச் சொல்லுங்கள்.

இத்தனை சாமர்த்தியமும் ஓரிடத்தில் உதவுவதில்லை. யானைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒரு கன்று; பழந்தின்னிக்கு வருஷத்துக்கு ஒரு குட்டி. எலியைப் போல் பெருகி நஷ்டத்தை ஈடு கட்ட இவற்றால் முடியாது. 2021 நவம்பரில் கோவையை அடுத்த நவக்கரைக்கு அருகே ரயில் மோதி ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. அங்கே மதுக்கரைப் பக்கத்தில், யானை தண்டவாளத்தை நெருங்கினால் இருட்டிலும் கண்டுபிடித்து எச்சரிக்கும் காமிராக்களை 2024-இல் அமைத்தார்கள். யானைக்குப் பரிந்து பேச ஆள் உண்டு. வௌவாலுக்கு? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம், யானையைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தபோது, பழந்தின்னி வௌவாலைக் காக்கையோடும் எலியோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று எழுதிவிட்டது. இலுப்பைப் பழத்தைத் தின்று, கொட்டையைத் தூரத் தூரக் கொண்டுபோய்ப் போட்டு, புது மரம் முளைக்கச் செய்வது இந்தத் தொல்லைப் பிராணிதான். ஐம்பது வருஷம் கழித்து, 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலை எடுத்தார்கள்.

இன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், பையனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே சின்ன வௌவால்கள் கிளம்பிவிடும். வௌவாலின் குரல் நமக்குக் கேட்காது என்று சொன்னேன் அல்லவா? சில ஜாதிகள் கொஞ்சம் தணிந்த குரலில் கத்தும். அந்தக் குரலின் அடிவிளிம்பு சிறு பிள்ளைகளின் காதில் விழுவதுண்டு. வயது ஏற ஏற நம் காதின் மேல் எல்லை இறங்கிவிடுகிறது. "அம்மா, கீச்சு கீச்சென்று ஏதோ கேட்கிறதே!" என்று அவன் சொன்னால், "எனக்குக் கேட்கவில்லையே" என்று அவனை அதட்டிவிடாதீர்கள்.